மாமாவிடம் இருந்த பிரதி

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

நான் நலம். உன் அத்தையும் நலம். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை என்பதால் வீடும் மிக நலமாக இருக்கிறது.

போன் செய்யாமல் ஏன் மெயில் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, அது நடுவழியில் மூச்சு வாங்கும்போதே "மாமா, ஒரு நிமிஷம்" என்று குறுக்கே வந்து விழுகிறாய். மெயிலில் அந்த வித்தை பலிக்காது. மேலும், நீ என் எழுத்தை எடுத்த இடத்தில் திருப்பி வைக்கும்வரை உன் போனை எடுப்பதில்லை என்று சபதம் செய்திருக்கிறேன். சபதம் செய்யும்போது அத்தை பக்கத்தில் இருந்தாள். அவள் பேசாததற்கு அதுதான் காரணம்.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய் நீ. "மாமா, ஆப்ல உங்க மெசேஜ் எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு புல் பண்ணிக்கோங்க, சரியாயிடும்." முடி வளர்ந்துவிட்டது, வெட்டிக்கொள்ளுங்கள் என்பதுபோல.

அந்த மெசேஜ்கள் என்ன லேசுப்பட்டவையா? நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நம் பூட்டு ஆப்பை விளக்கினேன். லிஃப்ட் ரிப்பேர் என்றால் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் அடியில் குழிக்குள், இன்னொருவர் உச்சியில் மெஷின் ரூமில். கீழே இறங்குகிறவர் போனில் பூட்டு போட்டுவிட்டு இறங்குவார். உடனே மேலே இருப்பவரின் போன் சிவப்பாகிவிடும். சிவப்பு இருக்கும்வரை மேலே இருப்பவர் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. குழியில் இருப்பவர் வெளியே வந்து, தன் கையாலேயே பூட்டைத் திறந்தால்தான் பச்சை. முன்பெல்லாம் சுவிட்சில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, கீழே பார்த்துக் கத்துவோம். அட்டை காற்றில் விழும், கத்தினது கேட்காது என்றேன். மனிதர் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டார், அப்படிக் கேட்டார். யார் செய்தது என்றார். நானும் என் மருமகளும் என்றேன். வயதுக்கு மரியாதை கொடுத்து என் பெயரை முதலில் சொன்னேன், தப்பாக நினைக்காதே.

அதில் நீ எழுதியிருந்தது என்ன? "பூட்டப்பட்டது." ஒரே வார்த்தை. தபால் பெட்டியில்கூட இதைவிட அதிகம் எழுதியிருப்பார்கள். நான் எழுதினேன்: "பூட்டியாச்சு. இனிமே இந்த லிஃப்ட் நம்ம வீட்டுப் பிள்ளை, சொன்ன பேச்சு கேட்கும்." குழிக்குள் சிக்னல் கிடைக்காதபோது வருவதற்கு நீ எழுதியிருந்தது, "இணைப்பு இல்லை." நான் எழுதியது: "சிக்னல்தான் போயிடுச்சு, ஆள் போகலை. கீழேதான் இருக்கார். கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க." இதைப் படித்து நம் பேச்சாளர் சிரித்தார். என்னோடு ஜோடியாக வேலை செய்கிறவர், வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுவதால் அந்தப் பெயர் வைத்தோமே, அவரேதான். அவர் பல்லை நான் பார்த்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, நான் ஏணியிலிருந்து விழுந்த அன்று.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு எழுத்தா என்று உனக்குப் பொறாமை. நான் நிற்கவில்லை, பத்தாம் வகுப்புதான் என்னைப் பார்த்துப் பயந்து தள்ளிப்போயிற்று.

ஆகவே புல் பண்ணமாட்டேன், நீ மாற்றியதை வாங்கிக்கொள்ளமாட்டேன்.

மனம் புண்பட்ட உன் மாமா
(பூட்டு ஆப், சொல்லாக்கப் பிரிவுத் தலைவர்)


மார்ச் 5

அன்புள்ள மாமா,

உங்கள் சபதத்தைப் பற்றி அத்தை போனில் சொன்னார். நேற்று என்னோடு முக்கால் மணி நேரம் பேசினார். உங்களோடு பேசாமல் மிச்சம் பிடித்ததெல்லாம் எனக்கு வருகிறது.

மெசேஜை எடுத்தது உங்களை அவமானப்படுத்த இல்லை. இங்கே ஒரு லிஃப்ட் கம்பெனி அடுத்த மாதத்திலிருந்து நம் ஆப்பை வைத்துப் பார்க்கிறேன் என்றது. அவர்களுடைய மேனேஜர் அதைத் திறந்தவுடன், "நம்ம வீட்டுப் பிள்ளை" வந்து நின்றது. என்னைப் பார்த்து, "இது சீரியஸான ஆப்தானா?" என்று கேட்டார். நான் வேலை முடித்து வீட்டுக்கு வந்து, கிடைக்கிற நேரத்தில் உட்கார்ந்து எழுதியது இது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, நீங்கள் எழுதின ஒவ்வொரு வரியையும் எடுத்தேன். பிறகு உங்களுக்குப் போன் செய்து நல்லபடியாகச் சொன்னேன். நல்லபடியாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம்.

நீங்கள் எழுதியது எதுவும் அழியவில்லை மாமா. போன வருஷம் லீவில் வந்திருந்தபோது சொன்னேனே. கிட் என்கிற மென்பொருள் இருப்பது அதற்குத்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாக முடிச்சுப் போட்டு வைக்கும். யார், என்றைக்கு, எந்த வரியைத் தொட்டார்கள் என்பது முழுவதும் என் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஒன்று கெட்டாலும் இன்னொன்று முழுசு. நான் செய்ததை நீங்கள் வாங்கிக்கொள்வது புல். நீங்கள் செய்ததை எனக்குத் தருவது புஷ். அவ்வளவுதான்.

தயவுசெய்து புல் பண்ணுங்கள். நாம் இரண்டு பேரும் ஒரே ஆப்பில் இருக்கவேண்டும்.

உங்கள் மருமகள்


மார்ச் 8

என் அருமை மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் நீ எப்படி மாட்டிக்கொண்டாய் என்று புரிந்தது. என்னிடம் இருப்பதும் முழுசு என்று நீயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். அப்புறம் எதற்கு நான் உன்னிடமிருந்து வாங்கவேண்டும்? நீ தலைமை, நான் கிளை என்று யார் சொன்னது? என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்தால் நீதான் கிளை. அதுவும் பக்கவாட்டில் போன கிளை.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் நம் ஆட்களிடம் கூட்டம் போட்டுச் சொன்னேன். பூட்டு ஆப் இன்று முதல் தனி நாடு, தலைநகரம் நம் ஆபீஸ் கம்ப்யூட்டர், மருமகள் நாட்டிலிருந்து எதுவும் உள்ளே வராது என்றேன். ஒருமனதாக நிறைவேறியது. பேச்சாளர் தலையை ஆட்டினார். மற்ற மூவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது மறுத்தார் என்று சொல்லமுடியாது.

அழுகை வந்தது என்று எழுதியிருந்தாய். அந்த மேனேஜரின் விலாசம் அனுப்பு. அவருடைய கட்டட லிஃப்ட் எந்தக் கம்பெனி என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன் மாமா
(நிறுவனர்)


மார்ச் 20

அன்புள்ள மாமா,

தனி நாட்டில் எல்லோரும் நலமா?

இந்த இரண்டு வாரத்தில் நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று நீங்கள்தான் புகார் சொன்னீர்கள், சரிசெய்தாகிவிட்டது. கையுறையோடு அமுக்கினாலும் வேலை செய்கிற மாதிரி பொத்தானைப் பெரிதாக்கியிருக்கிறேன். அதெல்லாம் உங்களுக்காகச் செய்தது. நீங்கள் எல்லையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், கோபமா, இல்லை புல் பண்ணுவது எப்படி என்று மறந்துவிட்டதா? மறந்திருந்தால் தப்பில்லை. நான் மறுபடி சொல்லித் தருகிறேன். இப்போது இரண்டு பேருமே மெசேஜ் இருந்த வரிகளில் கை வைத்திருப்பதால் நேராகச் சேராது. மோதல் என்று காட்டும். அதைத் தீர்ப்பது பழகினவர்களுக்கே கஷ்டம். நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம்.

உங்கள் மருமகள்


மார்ச் 23

மருமகளே,

நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம் என்று யாரைப் பார்த்து எழுதுகிறாய்? இருபது மாடி லிஃப்ட்டின் கம்பிக்கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அத்தையின் போனுக்குப் பதில் சொன்னவன் நான்.

தகவலுக்குச் சொல்கிறேன், நேற்றே புல் பண்ணிவிட்டேன். உன் பேட்டரி, உன் பெரிய பொத்தான் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. மோதல் வரத்தான் செய்தது. மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்துத் தூக்கி, உன் வரியில் எது நல்லது, என் வரியில் எது அதைவிட நல்லது என்று பார்த்து, பூ கட்டுவதுபோலக் கட்டினேன். பின்னால் நின்று பார்த்த அக்கவுண்டன்ட், "சார், நீங்க இந்த வேலைக்கே போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு நம் ஆட்கள் அத்தனை பேர் போனிலும் ஓடுவது, உன் வேலையும் என் எழுத்தும் கலந்த அந்தப் பிரதிதான். எல்லோரும் பேட்டரி தீரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறார்கள்.

உன் மாமா
(மோதல் தீர்ப்பு, தலைமை அலுவலகம்)


ஏப்ரல் 2, காலை

மாமா,

இதைப் பார்த்தவுடன் வேலையை நிறுத்துங்கள். யாரும் குழிக்குள் இருக்கக்கூடாது. பச்சையை நம்பி யாரும் சுவிட்சைப் போடக்கூடாது. மீதியை அப்புறம் படியுங்கள்.

உங்கள் போனுக்கு எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியவில்லை. சபதமா, குழிக்குள் இருக்கிறீர்களா என்றும் தெரியவில்லை. அத்தை எடுத்தார், நீங்களும் பேச்சாளரும் விடிந்ததும் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டீர்கள் என்றார். உங்கள் ஆபீஸில் போன் எடுக்கிற அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வேன் டிரைவரை அனுப்புகிறேன், போய்ச் சேர நேரமாகும் என்றார். அதுவரை சும்மா உட்கார முடியாமல் எழுதுகிறேன்.

இங்கே அந்தக் கம்பெனி திங்கட்கிழமை ஆரம்பிக்கப்போகிறது. கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று இரண்டு போனை எடுத்தேன். ஒன்றில் பூட்டு போட்டேன். அதைத் தகர டப்பாவுக்குள் வைத்து இறுக்கி மூடினேன். குழிக்குள் சிக்னல் இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக அது. இன்னொன்றை மேசையில் வைத்தேன், மெஷின் ரூம் மாதிரி. சிவப்பாக இருந்தது. பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தால் பச்சையாக இருக்கிறது மாமா. நான் எதையும் தொடவில்லை. டப்பாவுக்குள் இருந்த போனில் பூட்டு அப்படியே இருக்கிறது.

மறுபடி செய்து பார்த்தேன். கொஞ்ச நேரம் சிக்னல் இல்லையென்றால் ஆள் வெளியே வந்துவிட்டார் என்று ஆப் நினைத்துக்கொள்கிறது. மேலே இருப்பவருக்குப் பச்சை காட்டுகிறது.

குழிக்குள் இறங்கினால் அங்கே லிஃப்ட்டை நிறுத்துகிற சுவிட்சையும் நீங்கள் அமுக்கி வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் ஒவ்வொரு தடவையும் அமுக்குவார்களா? என் ஆப் இருக்கிறது என்ற தைரியத்தில் யாராவது விட்டிருந்தால்?

இது எப்போதிலிருந்து இப்படி என்று தெரியவில்லை. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதா என்றும் தெரியவில்லை. தேடுகிறேன்.


ஏப்ரல் 2, மத்தியானம்

மாமா,

இன்னும் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. டிரைவர் கிளம்பிவிட்டாராம்.

எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டேன். முதல் நாளிலிருந்து இன்றுவரை நடந்த கமிட்டுகள் அத்தனையும் கையில் இருக்கிறதல்லவா. நடுவில் ஒன்றை எடுத்து, அந்த நாள் ஆப் எப்படி இருந்ததோ அப்படியே போனில் ஏற்றி, டப்பாவுக்குள் வைத்துப் பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது. அப்படியானால் தப்பு அதற்குப் பிறகுதான். மீதியில் நடுவை எடுத்தேன். பச்சை. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்து ஒரே ஒரு கமிட்டில் நின்றேன். அதற்கு முந்தையது வரை சரி. அதிலிருந்து தப்பு.

மார்ச் முதல் தேதி, நான் உங்கள் மெசேஜ்களை எடுத்த கமிட் அது.

"சிக்னல்தான் போயிடுச்சு, ஆள் போகலை" என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு அடுத்த வரியில்தான் நான் முன்பு எழுதிய கட்டளை இருந்தது. சிக்னல் திரும்பும்வரை சிவப்பை மாற்றாதே என்கிற வரி. உங்கள் வாக்கியத்தை அழித்த வேகத்தில் அதையும் சேர்த்து அழித்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அப்படி ஒரு கோபம்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அதற்கு முன்னால் உங்களிடம் இருந்த பிரதியில் இந்த ஓட்டை கிடையாது. நீங்கள் மார்ச் 22 அன்று புல் பண்ணி, பதினேழு மோதலையும் தீர்த்து, எல்லோர் போனிலும் ஏற்றியதாக எழுதினீர்கள். அது உண்மையென்றால் நான் அழித்த வரி உங்கள் ஆட்கள் போனிலும் இல்லை. பத்து நாளாக இல்லை.

மாமா, நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துவிடுங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன். இந்த ஒன்றுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். புல் பண்ணினீர்களா, இல்லையா?

ஆபீஸ் போனதும் கறுப்புத் திரையில் git log என்று அடித்து, முதலில் வருவது யார் பெயர், என் பெயர் கடைசியாக எந்தத் தேதியில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.


ஏப்ரல் 2, சாயங்காலம்

அன்பு மருமகளே,

முதலில் இது: நான் இருக்கிறேன். பேச்சாளர் இருக்கிறார். எல்லோரும் இருக்கிறோம். லிஃப்ட்டும் இருக்கிறது.

நான் குழிக்குள்தான் இருந்தேன். மேலேயிருந்து வேன் டிரைவர் கத்துகிறார், "அண்ணே, உங்க மருமக உங்களை உடனே வெளிய வரச் சொல்லுது." வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஏணியில் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. நான் ஏறின வேகத்தில் ஏணியில் இரண்டு படியைக் காணோம் என்று பிறகு பேச்சாளர் காட்டினார். வெளியே வந்து போனைத் திறந்தால் உன் இரண்டு கடிதம். படித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டு இறங்கி வந்த பேச்சாளர் என் தோளுக்கு மேலாகப் படித்தார். படித்துவிட்டு மேலே போய் சுவிட்சுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வேனில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு பெரிய மனிதனைப் பார்த்து ஒரு கேள்வியை இப்படி மேல்துண்டுகூடப் போடாமல் கேட்கலாமா? பரவாயில்லை, பதற்றத்தில் கேட்டிருக்கிறாய்.

புல் பண்ணினேன். ஆனால் வரவில்லை.

அதாவது, பண்ண உட்கார்ந்தேன். அது பொய்யில்லை. git pull என்று ஒரு எழுத்துத் தப்பாமல் அடித்தேன். அது பாஸ்வேர்டு கேட்டது. அத்தையின் பெயரைப் போட்டேன், தப்பு என்றது. உன் பெயரைப் போட்டேன், தப்பு என்றது. என் பெயரைப் போட்டேன், அதைக்கூடத் தப்பு என்றால் நான் என்ன செய்வது? மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினேழு மோதல் என்று எழுதினேனே, எத்தனை வரும் என்று நீ சொல்லவில்லை, குறைவாக எழுதினால் நம்பமாட்டாய் என்று கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அக்கவுண்டன்ட் பின்னால் நின்றது நிஜம். கண்ணைத் துடைத்தது தூசி.

பேட்டரி இன்னும் சீக்கிரம் தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆபீஸுக்கு வந்து நீ சொன்னபடி log அடித்தேன். மேலே இருப்பது நான். அதற்குக் கீழேயும் நான். தொடர்ந்து நானேதான், மெசேஜில் அங்கங்கே மெருகு ஏற்றியது. அப்புறம் நீ வருகிறாய், பிப்ரவரி 26. அதற்குப் பிறகு நீ வரவே இல்லை மருமகளே. அந்த லிஸ்டில் இத்தனை நாள் நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சந்தேகம் இருக்கக்கூடாது என்று நாங்களும் டப்பாவில் வைத்துப் பார்த்தோம். ஆபீஸில் தகர டப்பா இல்லை. அக்கவுண்டன்ட்டின் சாப்பாட்டு அடுக்கைக் காலி செய்தோம். போன் அதற்குள் போகவில்லை என்று, பூட்டு போட்ட போனை ஆணியெல்லாம் போடுகிற இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். மேசைமேல் இருந்த இன்னொரு போன் சிவப்பு. டீ குடித்தோம், சிவப்பு. வாட்ச்மேன் கதவைப் பூட்ட வந்தார், சிவப்பு. பேச்சாளர் அதைப் படம் பிடித்திருக்கிறார், அனுப்புகிறேன்.

உன் போனை இனி எடுப்பேன். இன்றைக்கு மட்டும் அடிக்காதே. எனக்கும் குரல் சரியில்லை.

உன் மாமா


ஏப்ரல் 3

என் மாமாவுக்கு,

"ஆனால் வரவில்லை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மீதியைப் படித்தேன். பக்கத்து மேசைக்காரி, "என்னடி, அழறியா சிரிக்கறியா?" என்று கேட்டாள். எங்க மாமா பொய் சொல்லிட்டார், அதான் என்றேன். பாவம், ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பிறந்ததிலிருந்து நீங்கள் சொன்ன எல்லாவற்றிலும் பாதியைக் கழித்துத்தான் நம்புவேன். இந்தத் தடவை ஏனோ முழுசாக நம்பித் தொலைத்தேன். மாமா, நீங்கள் புளுகியதற்காக முதலும் கடைசியுமாக நன்றி சொல்கிறேன். இதை அத்தையிடம் படித்துக் காட்டாதீர்கள்.

நேற்று முழுவதும் என் மனசில் ஓடினதை எழுத முடியாது. என் கம்ப்யூட்டரில் ஒரு வரியை அழிக்கிறேன், எங்கேயோ ஒரு குழியில் நிற்கிற ஆள் தலைக்கு மேல் அது போகிறது. அதை நான் யோசித்ததே இல்லை. சரிபார்த்து எழுதுகிற வழக்கம் உள்ளவள்தான். உங்கள் மேல் கோபம் என்பதால் அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன். மார்ச் முதல் தேதி கமிட்டை ரத்து செய்து, அழித்த வரிகளைத் திரும்ப வைத்துவிட்டேன். அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து, ஒரு தப்பு இருந்தது, நான்தான் செய்தேன், இரண்டு வாரம் தள்ளி ஆரம்பிக்கலாம் என்றேன். அந்த மேனேஜர் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். டப்பா கதையைச் சொன்னேன். தன் ஆட்களிடமும் ஒரு டப்பா வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

பேட்டரியும் பெரிய பொத்தானும் உங்களுக்கு வந்து சேரவேண்டும். நான் தனியாக ஒரு பிராஞ்சில், அதாவது ஒரு பக்கக் கிளையில், எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் முதலில் உங்களுடையதை எனக்குப் புஷ் பண்ணுங்கள். சேர்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்வேர்டை அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு நீங்கள் அவரோடு பேசவேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மெசேஜ் விஷயம்: உங்கள் ஆட்களுக்கு உங்கள் எழுத்து, அந்தக் கம்பெனிக்கு என்னுடையது. எது வேண்டுமோ ஆப்பிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இனி உங்கள் வரியை எடுப்பதாக இருந்தால் முதலில் சொல்லிவிட்டு எடுப்பேன்.

ஒரே ஒரு நிபந்தனை. சேர்த்த பிறகு அதை ஒரு நிஜக் குழியில் ஓட்டிப் பார்க்கவேண்டும். லிஃப்ட்டை மொத்தமாக நிறுத்தி, குழியில் இருக்கிற சுவிட்சையும் அமுக்கி வைத்து, அப்புறம் அரை மணி நேரம். ஆள் மேலே வந்து திறக்கும்வரை சிவப்பு மாறவே கூடாது. இனிமேல் நான் டப்பாவை மட்டும் நம்பமாட்டேன்.

மருமகள்


ஏப்ரல் 12

சக பொறியாளர் மருமகளுக்கு,

வெற்றி.

பாஸ்வேர்டை அத்தை கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் என்னிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அது உனக்கு வேண்டாம். புஷ் பண்ணினேன். நீ சேர்த்துத் திருப்பித் தந்ததைப் புல் பண்ணினேன். இந்தத் தடவை வந்தது. log அடித்துப் பார்த்தேன். உன் பெயரும் என் பெயரும் மாறி மாறி, ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. பார்க்க நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

சோதனைக்கு நகரத்திலேயே ஆழமான குழியைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவு ஆழம், கீழே போனதும் பருவமே வேறு மாதிரி இருந்தது. நீ சொன்னபடி எல்லா சுவிட்சையும் நிறுத்தி, பூட்டு போட்டு, இறங்கி ஓரமாக உட்கார்ந்தேன். பேச்சாளர் உச்சியில். அரை மணி நேரம் என்றாய். நான் ஒன்றே கால் மணி நேரம் இருந்தேன். அரை மணி நேரத்தில் என்ன தெரியும்? செய்தால் சோதனையை அடி ஆழம் வரைக்கும் செய்யவேண்டும் என்பது என் கொள்கை.

இதற்குள் கட்டடத்தில் கலவரம். ஆயிரம் பேர் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கட்டட மேனேஜர் மெஷின் ரூமுக்கே வந்துவிட்டார். சுவிட்சைப் போடு, உங்கள் ஆள் எப்போதோ போயிருப்பார், நானே வெளியே பார்த்தேன் என்று பேச்சாளரிடம் சத்தம் போட்டிருக்கிறார். அவர் பார்த்தது வேறு யாரோ காக்கிச் சட்டை. பேச்சாளர் போனை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "சிவப்பு" என்றார். இந்த வருஷத்து நாலு வார்த்தையில் ஒன்று செலவு. மேனேஜர் தன் பதவியைச் சொன்னார். பேச்சாளர் மறுபடியும் "சிவப்பு" என்றார். இரண்டாவது வார்த்தையும் போயிற்று. கை சுவிட்சுப் பக்கம் போகவே இல்லை.

கடைசியில் பேச்சாளரே அத்தனை மாடியும் இறங்கி வந்து குழியின் கதவைத் திறந்து பார்த்தார். நான் உள்ளே, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, ஆப்பின் செயல்பாட்டை ஆழமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஏறி வந்து என் கையாலேயே பூட்டைத் திறந்தேன். அதுவரை மாறாத சிவப்பு அப்போதுதான் பச்சையானது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். லிஃப்ட் ஓட ஆரம்பித்ததற்காகத் தட்டினார்கள் என்று சிலர் சொல்வார்கள்.

அந்தக் கம்பெனிக்குத் தைரியமாகக் கொடு.

உன் மாமா
(பரிசோதனை, ஆழ்நிலைப் பிரிவு)


ஏப்ரல் 13

அன்புள்ள மாமா,

கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஆரம்பிக்கிறார்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பேச்சாளர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். குழியின் கதவைத் திறந்ததும் எடுத்தது. இருட்டில் உங்கள் தொப்பி மட்டும் தெரிகிறது. படத்தைவிடச் சத்தம்தான் பிரமாதம். நீங்கள் ஆழமாக ஆராய்கிற ஓசை அந்தச் சுவர் முழுவதும் எதிரொலிக்கிறது. ஒரு தடவை இழுத்து, நடுவில் ஒரு விசில், அப்புறம் ஒரு பெருமூச்சு. பின்னாலேயே இறங்கி வந்த கட்டட மேனேஜர், "என்ன சத்தம் அது, மோட்டாரா?" என்று கேட்கிறார்.

ஒன்றே கால் மணி நேரம், மாமா. தலைக்கு மேலே லிஃப்ட் நிற்க, மேலே ஒரு மேனேஜர் சத்தம் போட, நீங்கள் பாட்டுக்குத் தூங்கியிருக்கிறீர்கள்.

ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் மேசைமேல் ஒரு போன் பச்சையாக மாறும். இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த வீடியோவை மறுபடி போட்டேன். முடிந்ததும் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை விசிலுக்காகக் காத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு பக்கத்து மேசைக்காரி வந்து எழுப்பியபோது எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மருமகள்